50 லிட்டர் மினி ஃப்ரிட்ஜ்: ரெண்டு மாச ஈபி பில்லில் எவ்வளவு ஏறும்?

#1 தாமிரபரணி_கரை

வணக்கம். மாடி அறைக்கு 50 லிட்டர் ஒற்றைக் கதவு மினி ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறோம். உள்ளே வைக்கப் போவது அப்பாவின் இன்சுலின், ஒரு லிட்டர் பால், மாவுப் பாத்திரம், தண்ணீர் பாட்டில் நாலு. வீட்டுக்கு ஒரே சர்வீஸ். இப்போது ரெண்டு மாசத்துக்கு 470 யூனிட் ஓடுகிறது.

பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட், 0.7 ஆம்பியர் என்று இருக்கிறது. ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 172 யூனிட். கடைக்காரர் "மாசம் நூறு ரூபாய்கூட வராது" என்கிறார். வயரிங் பார்ப்பவரோ 230-ஐ 0.7-ஆல் பெருக்கி 161 வாட், நாளுக்கு 3.86 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 230 யூனிட்டுக்கு மேல் என்று பயமுறுத்துகிறார். லேபிள் எண்ணுக்கும் வயரிங்காரர் கணக்குக்கும் நடுவே எட்டு மடங்கு இடைவெளி. யார் சொல்வதை நம்புவது?

#2 வயரிங்_64

வயரிங்காரர் ரெண்டு இடத்தில் வழுக்கியிருக்கார். தகட்டில் இருக்கும் ஆம்பியர் அந்தப் பெட்டி இழுக்கக்கூடிய உச்சம். ஒயர், ப்ளக், எம்.சி.பி. (லோடு மீறினா தானே விழும் சுவிட்ச்) தேர்ந்தெடுக்கத்தான் அந்த எண். பில் போட அது உதவாது. இது ஒன்று.

இன்னொன்று, கம்ப்ரசர் 24 மணி நேரமும் ஓடாது. குளிர் சேர்ந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓட்டும். நல்ல நிலையில் இருக்கிற மினி ஃப்ரிட்ஜ் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும். கோடையில் பாதி நேரம்வரை போகும்.

லேபிள் எண்ணை எடுத்துக்குங்க. 172-ஐ 365-ஆல் வகுத்தா நாளுக்கு 0.47 யூனிட். 60 நாளுக்கு 28. ஆனா இது சோதனைக்கூடத்தில் கதவைத் திறக்காமல் எடுத்த அளவு. நம்ம வீட்டில் மேல்மாடி வெயில், ஒரு நாளைக்கு இருபது தடவை கதவு திறப்பு, சூடு ஆறாத பால் எல்லாம் சேரும். 30-லிருந்து 40 யூனிட் என்று வச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க.

#3 அடுக்கு_கணக்கு

யூனிட் விவகாரம் 64 அண்ணன் சொன்னதோடு முடிந்தது. ஆனால் 470 யூனிட் வீட்டுக்கு ரூபாய்க் கணக்கு வேறு மாதிரி. கடைக்காரர் தப்பியது அங்கேதான்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2024 ஜூலையில் வந்த விகிதத்தை வைத்துப் போடுகிறேன். பிறகு விகிதம் மாறியிருந்தால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ரெண்டு மாசப் பயன்பாடு 500-க்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டினால் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 500 வரை ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45.

இப்போது உங்கள் வீடு. 470 யூனிட்டுக்கு 235 + 940 + 441, ஆக ரூ.1,616. ஃப்ரிட்ஜ் 28 யூனிட் எடுத்து 498 ஆனால் ரூ.1,792.40. கூடுதல் ரூ.176.40. அதே ஃப்ரிட்ஜ் 32 யூனிட் எடுத்து 502 ஆனால் 1,410 + 630 + 16.80, அதாவது ரூ.2,056.80. கூடுதல் ரூ.440.80.

நாலு யூனிட் வித்தியாசம், 264 ரூபாய். அந்த 32 யூனிட்டில் ஒவ்வொன்றும் ரூ.13.78 விழுகிறது. சென்ற பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "யூனிட் மூன்றரை ரூபாய்" என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். புதிதாக வரும் சாதனம் கடைசி அடுக்கின் மேல்தான் உட்காரும்.

மற்ற வீடுகளுக்கும் அதே 32 யூனிட்டைப் போட்டுப் பாருங்கள். 60 யூனிட் வீடு 92 ஆனால் ஒரு பைசா கிடையாது. 180 யூனிட் வீடு 212 ஆனால் ரூ.103.40. 620 யூனிட் வீடு 652 ஆனால் ரூ.302.40. ஆக, "மினி ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்கு வீட்டு ரீடிங் தெரியாமல் பதில் கிடையாது.

#4 தாமிரபரணி_கரை

அடுக்கு சார், இந்த 500 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி.

இன்னொரு சந்தேகம். கடையில் பக்கத்திலேயே 180 லிட்டர் சாதா ஃப்ரிட்ஜ் இருந்தது. அதன் லேபிளும் கிட்டத்தட்ட இதே எண்தான் காட்டியது. நாலில் ஒரு பங்கு பெட்டி எப்படி அதே கரண்ட் எடுக்கும்?

#5 கம்ப்ரசர்_மதுரை

ஃப்ரிட்ஜ் கரண்ட் எடுக்கிறது உள்ளே இருக்கிற இடத்துக்காக இல்ல தம்பி, சுவர் வழியா உள்ளே வர்ற சூட்டுக்காக. சூடு பரப்பு வழியாத்தான் வரும். 50 லிட்டரை ஒரு கனசதுரமா நினைச்சா ஒரு பக்கம் 37 செ.மீ., மொத்தப் பரப்பு 0.81 சதுர மீட்டர். 200 லிட்டருக்கு ஒரு பக்கம் 58.5 செ.மீ., பரப்பு 2.05. கொள்ளளவு நாலு மடங்கு ஆகியும் பரப்பு ரெண்டரை மடங்குதான் கூடுது.

அதுக்கு மேல ரெண்டு குறை. சின்னப் பெட்டியில் உள்ளே இடம் மிஞ்சணும்னு சுவருக்குள்ளே சூட்டைத் தடுக்கிற பஃப் நுரையை மெலிசா ஊத்துவாங்க. பெரிய பெட்டியில் இருக்கிற தடிமன் இதில் இருக்காது. கம்ப்ரசரும் சின்னது. சின்ன மோட்டாரில் சுருள் சூடு, உராய்வு இதுக்கெல்லாம் போற பங்கு அதிகம், அதனால ஒரு வாட்டுக்கு அது வெளியேத்துற சூடு குறைச்சல். எல்லாம் சேர்ந்து லிட்டர் கணக்கில் பார்த்தா மினி ஃப்ரிட்ஜ் கரண்ட் தின்னும். இடம் இருக்கு, தூக்கிட்டுப் போக வேண்டாம்னா 180 லிட்டரில் நல்ல ஸ்டார் உள்ளதை எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம். மினி ஃப்ரிட்ஜ் இடத்துக்காக வாங்கற பொருள், கரண்ட் மிச்சத்துக்காக இல்ல.

ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒண்ணை மட்டும் கவனிங்க. இப்ப வர்ற பல மாடலில் பின்னாடி கறுப்புக் கம்பிவலை இருக்காது. சூட்டை வெளியே விடுற கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடும். ஓடும்போது பக்கவாட்டைத் தொட்டா சுடும், அது கோளாறு இல்ல. ஆனா அந்தச் சூடு வெளியே போகணும். ரெண்டு பக்கமும் 10 செ.மீ., பின்னாடி 10 செ.மீ. விடுங்க. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் செருகி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுப் பூப்போட்ட துணியும் விரிச்சா, கம்ப்ரசர் நிக்கவே நிக்காது.

#6 வாடகை_அறை

அண்ணே, இதே இடத்தில் கேட்டுக்கறேன். ஆன்லைனில் 20 லிட்டர் பெட்டி ஒன்று பார்த்தேன். கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை, வெறும் 48 வாட் என்று போட்டிருக்கிறார்கள். கம்ப்ரசர் மினி ஃப்ரிட்ஜ் ஓடும்போது 75 வாட் எடுக்கும் என்கிறார்கள், அப்படியென்றால் இதுதானே சிக்கனம்?

#7 கம்ப்ரசர்_மதுரை

வேண்டாம் தம்பி. அது பெல்டியர் சில்லு, அதாவது கரண்ட் ஓடினா ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடுற சில்லு வச்ச பெட்டி. 75 வாட் கம்ப்ரசர் ஓடி ஓடி நிக்கும். இந்தச் சில்லு நம்ம ஊர் சூட்டில் நிக்காது, 24 மணி நேரமும் இழுக்கும். 48 வாட் விடாமல் ஓடினா நாளுக்கு 1.15 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 69 யூனிட். 50 லிட்டர் கம்ப்ரசர் பெட்டியைவிட ரெண்டு மடங்கு.

அதிலும் குளிர் வராது. வெளிச் சூட்டிலிருந்து 15, அதிகம் போனா 20 டிகிரி கீழே இறக்கும். அறை 36 டிகிரி இருந்தா உள்ளே 16-க்குக் கீழே போகாது. பால் மறுநாளே திரிஞ்சிடும். தண்ணி ஜில்லுன்னு இருக்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஓட்டலில் கழிச்ச மினி பார் பெட்டி பழைய சாமான் கடையில் மலிவாக் கிடைக்கும், அதையும் தொடாதீங்க. அதில் பாதி அம்மோனியாவில் ஓடுற உறிஞ்சு வகை. உள்ளே மோட்டார் கிடையாது, ஒரு 60, 70 வாட் ஹீட்டர் கொதிக்க வைக்கும். சத்தமே வராது, அதுக்காகத்தான் ஓட்டல்காரங்க வாங்கறாங்க. ஏசி அறையை விட்டு வெளியே வந்தா நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல சாப்பிடும்.

#8 மீட்டர்_பொட்டு

ஊகத்தைவிட அளப்பது எளிது. தனியாக வாட் மீட்டர் வாங்க வேண்டியதில்லை, ஈபி மீட்டரே போதும்.

மீட்டர் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டரில் 3200, சிலவற்றில் 1600. உங்களுடையதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள். வைஃபை பெட்டி, டிவி செட்டாப் பெட்டி, இன்வெர்ட்டர், பாத்ரூம் கீசரின் சின்ன விளக்குவரை. எம்.சி.பி. தனித்தனியாக இருந்தால் ஃப்ரிட்ஜ் இருக்கும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை இறக்குங்கள்.

3200 மீட்டராக இருந்தால் 1125-ஐ ரெண்டு மினுக்குக்கு நடுவில் ஆகும் நொடியால் வகுத்தால் வாட் வரும். 15 நொடிக்கு ஒரு மினுக்கு என்றால் 75 வாட். 1600 மீட்டராக இருந்தால் 1125-க்குப் பதில் 2250.

வாட் தெரிந்தால் போதாது, ஒரு முழுச் சுற்று வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் எண்ணத் தொடங்கி, நின்று, மறுபடி கிளம்பும்வரை எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக 10 நிமிடம் ஓடி 40 மினுக்கு, பிறகு 22 நிமிடம் ஓய்வு. ஒரு சுற்று 32 நிமிடம், 40-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.0125 யூனிட். ஒரு நாளில் அப்படி 45 சுற்று. ஆக நாளுக்கு 0.56 யூனிட். மூன்று சுற்றாவது எடுத்துச் சராசரி பாருங்கள். மதியம் ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை எடுத்தால் இன்னும் நல்லது.

கம்ப்ரசர் நின்றிருக்கும்போதும் பொட்டு விடாமல் மினுக்கினால், அணைக்க மறந்தது ஏதோ ஓடுகிறது. அது இல்லையென்றால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 48 மணி நேரம் விட்டு மொத்த யூனிட்டை எடுங்கள். புதுப் பெட்டியில் முதல் 24 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெட்டி முழுவதும் அறைச் சூட்டிலிருந்து இறங்க வேண்டும், அதுவரை கம்ப்ரசர் விடாமல் ஓடும்.

#9 கிளாம்ப்_டெஸ்ட்

மீட்டர்_பொட்டு சார், இதில் ஒன்று இடிக்கிறது. ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் போட்டால் இதே மாதிரிப் பெட்டி 0.6 ஆம்பியர் காட்டுகிறது. 230-ஆல் பெருக்கினால் 138. உங்கள் பொட்டுக் கணக்கில் 75 வாட். ஏதோ ஒன்று பொய் சொல்கிறதே?

#10 மீட்டர்_பொட்டு

ரெண்டும் உண்மை சார். 138 என்பது வோல்ட்-ஆம்பியர். சின்ன ஃப்ரிட்ஜ் மோட்டாரில் ரன் கபாசிட்டர் இல்லாவிட்டால் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியரில் வேலைக்குப் போகும் பங்கு, 0.55 அளவில்தான் இருக்கும். 138-ஐ 0.55-ஆல் பெருக்குங்கள், 76 வாட். மீதி மின்னோட்டம் மோட்டாருக்குப் போய்த் திரும்பி வருவது. அது வேலை செய்வதில்லை, வீட்டு மீட்டர் அதற்கு யூனிட் ஏற்றுவதும் இல்லை. மோட்டார் உள்ள எதையும் கிளாம்ப் மீட்டரால் வாட் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் இன்வெர்ட்டர் வாங்கும்போது அந்த 138 தேவைப்படும், அதன் தாங்குதிறன் வோல்ட்-ஆம்பியரில்தான்.

#11 சாந்தி_நகர்_12

ராத்திரி 10 மணிக்கு அணைத்துவிட்டுக் காலை 6 மணிக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் ஆகாதா? எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

#12 வயரிங்_64

ஆகாது அக்கா. அணைச்சிருக்கும்போதும் சூடு உள்ளே வந்துகிட்டேதான் இருக்கும். காலையில் போட்டதும் அத்தனையையும் சேர்த்து வெளியேத்தணும், கம்ப்ரசர் ஒரே மூச்சில் ரொம்ப நேரம் ஓடும். மிச்சம் வர்றது, ராத்திரி உள்ளே கொஞ்சம் சூடேறினதால சூடு வரும் வேகம் குறையுது பாருங்க, அந்த அளவு மட்டும். 8 மணி நேரத்தில் 5 டிகிரி 15 டிகிரியா ஏறினா, என் கணக்கில் நாளுக்கு 0.03 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிக்குது. ரெண்டு மாசத்துக்கு 2 யூனிட். 6.30 போட்டா 13 ரூபாய்கூட இல்லை.

அந்த 13 ரூபாய்க்குப் பால் கெட்டா அன்னைக்கே நஷ்டம். மாவும் ராத்திரியோட ராத்திரியாப் புளிச்சுப் பொங்கிடும். இன்சுலின் இருக்கிற பெட்டியில் இந்த வேலையே கூடாது.

#13 மருந்துக்கடை_ஈரோடு

இன்சுலின் பற்றி 64 அண்ணன் சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும், மினி ஃப்ரிட்ஜில் அதுதான் பெரிய ஆபத்து.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறுவதைவிட உறைவதுதான் உடனடிக் கேடு. ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, பார்க்க வித்தியாசம் தெரியாவிட்டாலும் எறிந்துவிட வேண்டும். மினி ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் தட்டு தனி அறையாக இருக்காது, மேல்தட்டிலேயே திறந்தவாக்கில் இருக்கும். அதன் அடியில் ஒட்டி வைத்த பொருள் உறைந்துவிடும். இன்சுலின் பெட்டியைக் கீழ்த்தட்டில், முன்பக்கமாக, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பின்சுவரில் தொடக் கூடாது.

குறைந்த அளவு, கூடிய அளவு ரெண்டையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி டப்பாவுக்குள்ளேயே ஒரு நாள் போட்டு வையுங்கள். குறைந்த அளவு 2-க்குக் கீழே போயிருந்தால் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஒரு எண் குறைக்க வேண்டும். அப்பாவின் மருந்தை அந்தச் சோதனை முடிந்த பிறகு உள்ளே வையுங்கள்.

#14 கம்ப்ரசர்_மதுரை

மருந்துக்கடை சொன்ன வெப்பமானி கரண்டுக்கும் உதவும். திருகியில் 1 முதல் 7 வரை இருக்கிறது டிகிரி இல்ல. பெரும்பாலானவங்க வாங்கின அன்னைக்கு 7-இல் வச்சு அப்படியே விட்டுடறாங்க. ஒரு டம்ளர் தண்ணியை நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வச்சுக் காலையில் வெப்பமானியை முக்கிப் பாருங்க. 4, 5 டிகிரி காட்டினா போதும். 1 டிகிரி காட்டினா சும்மா கரண்டைக் கொட்டறோம்.

இப்ப, ரெண்டு மாசத்தில் 30 எடுக்க வேண்டிய பெட்டி ஏன் சில வீட்டில் 100 எடுக்குதுன்னு சொல்றேன். கம்ப்ரசர் நிக்காம ஓடுது, அதுதான் காரணம். 75 வாட் நிக்காம ஓடினா நாளுக்கு 1.8, ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட். ஏன் நிக்கலைன்னு இந்த வரிசையில் பாருங்க.

முதல்ல கதவு ரப்பர். பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வச்சு மூடி இழுங்க. இழுக்க ஒரு பிடிமானம் தெரியணும். வழுக்கிட்டு வந்தா அந்த இடத்தில் காத்துப் போகுது. சுத்தி எட்டு இடத்தில் பாருங்க, கீல் பக்கமும் சேர்த்து. ரப்பர் கிழியலைன்னா முதல்ல சோப்புத் தண்ணியில் துடைச்சு அழுக்கை எடுங்க. மாவு வழிஞ்சு காய்ஞ்சதே பல இடத்தில் தூக்கிப் பிடிச்சிருக்கும். சப்பிப் போன இடத்தில் முடி உலர்த்தும் மெஷினைக் கொஞ்ச தூரத்தில் பிடிச்சுச் சூடு காட்டி இழுத்து விட்டா பழைய வாகுக்கு வரும். கிழிஞ்சிருந்தா மாத்தத்தான் வேணும்.

அடுத்தது ஐஸ். தட்டில் 5 மி.மீ. தாண்டிட்டா அதுவே போர்வை மாதிரி குளிரைத் தடுக்கும். கம்ப்ரசர் ஓடும், பால் மட்டும் குளிராது. திருகியை 0-வுக்குத் திருப்பி, கதவைத் திறந்து வச்சு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வச்சா ஒரு மணி நேரத்தில் விட்டு விழும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே கொண்டு போகாதீங்க. அந்தத் தட்டு மெலிசான அலுமினியம், அதுக்குள்ளேயே கேஸ் ஓடுற வழி இருக்கு. ஒரு குத்து, பெட்டியே போச்சு. இப்ப வர்றதில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அது எரியக்கூடிய வாயு. ஓட்டை விழுந்து உஸ்ஸுன்னு சத்தம் வந்தா ஜன்னலைத் திறங்க, பக்கத்தில் எந்த சுவிட்சையும் தட்டாதீங்க, அடுப்புப் பத்த வைக்காதீங்க.

ஐஸ் வேகமாக் கட்டுதுன்னா ஈரம் எங்கிருந்தோ வருது. ஒண்ணு ரப்பர், இல்லைன்னா மூடாத பாத்திரம். மாவையும் குழம்பையும் மூடி போட்டு வைங்க.

ரப்பரும் சரி, ஐஸும் இல்ல, இடைவெளியும் இருக்கு, அப்பவும் நிக்கலைன்னா கேஸ் குறைவு. தட்டில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ், மீதி ஈரமா இருந்தா இதுதான். மினி ஃப்ரிட்ஜில் மொத்தமே சில பத்து கிராம் கேஸ், எவ்வளவுன்னு தகட்டில் எழுதியிருக்கும். நிரப்ப வர்றவர் டிஜிட்டல் தராசு கொண்டு வந்தாரான்னு பாருங்க. அழுத்தமானியை மட்டும் பார்த்துக் கைக்கணக்கில் ஏத்தினா அஞ்சு கிராம் கூடினாலும் கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற குழாயில் வெளியே பனி படியும், வாட் ஏறும், குளிர் குறையும். கேஸ் போடறதுக்கு முன்னாடி ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்கணும், வாக்குவம் இழுக்கணும், ஃபில்டர் மாத்தணும். இதில் எதையாவது விட்டா ஆறு மாசத்தில் மறுபடி அதே கதை.

#15 சாந்தி_நகர்_12

நிரப்புகிறவரிடம் தராசு கேட்கலாம் என்பதே இன்றுதான் தெரிந்தது. நன்றி அண்ணே.

ஸ்டெபிலைசர் வேண்டுமா? எங்கள் ஏரியாவில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

#16 வயரிங்_64

பெட்டியின் கையேட்டில் எத்தனை வோல்ட்டிலிருந்து ஓடும்னு போட்டிருப்பாங்க. இப்ப வர்றது பலதும் ஸ்டெபிலைசர் இல்லாமலே 160-க்கு ஓடும்னு சொல்லி விக்கறாங்க. உங்க பெட்டியில் அப்படி இருந்தா 180-க்கு எதுவும் தேவையில்லை. ஸ்டெபிலைசருக்கும் தீனி உண்டு அக்கா. உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் லோடு இல்லாதப்பவும் 5, 6 வாட் எடுக்கும். 6 வாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 8.6 யூனிட், மினி ஃப்ரிட்ஜ் எடுக்கறதில் கால் பங்கு.

தேவை எப்பன்னா, கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாம "டக்" சத்தம் கேட்டு நிக்குது, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி "டக்". அது ஓவர்லோடு பாதுகாப்பு வெட்டற சத்தம். அந்தச் சில நொடி மோட்டார் சுத்தாமலே பல மடங்கு ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஒரு சாயங்காலம் முழுக்க அப்படி நடந்தா சுருள் கருகிடும். வோல்டேஜ் ஏறும்வரை அணைச்சு வைங்க, தினமும் இப்படின்னா மூணு நிமிஷம் தாமதம் கொடுக்கிற ஸ்டெபிலைசர் போடுங்க. கரண்ட் போயிட்டு உடனே வர்ற இடத்திலும் அந்தத் தாமதம்தான் கம்ப்ரசரைக் காப்பாத்தும்.

#17 பானைத்_தண்ணி

யாரும் தொடாத ஒன்று இருக்கிறது: தண்ணீர் பாட்டில். கேள்வி கேட்டவர் நாலு பாட்டில் என்கிறார். ஒரு லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 5-க்கு இறக்க 113 கிலோ ஜூல் சூட்டை எடுக்க வேண்டும், அதாவது 0.031 யூனிட் சூடு. சின்னக் கம்ப்ரசர் ஒரு யூனிட் கரண்டுக்கு 1.3 யூனிட் சூட்டை வெளியேற்றுவதாக வைத்தால் 0.024 யூனிட் செலவு. தினமும் நாலு லிட்டர் குடித்து நிரப்பினால் நாளுக்கு 0.1, ரெண்டு மாசத்துக்கு 6 யூனிட். 500-இன் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 6 சின்ன எண் அல்ல.

மண்பானையில் ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் 25, 26 டிகிரிக்கு வந்திருக்கும். அதை பாட்டிலில் பிடித்து உள்ளே வைத்தால் அந்தச் செலவில் கால் பங்கு குறையும். பானையிலேயே குடித்தால் மொத்தமும் மிச்சம். கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, நெல்லை, மதுரைப் பக்கக் கோடையில் நன்றாகவே குளிரும்.

ஆனால் பெட்டியைக் காலியாக விடவும் வேண்டாம். குடிக்காமல் அப்படியே விட்ட ரெண்டு பாட்டில் உள்ளே இருந்தால் மின்வெட்டு நேரத்தில் குளிரைப் பிடித்து வைக்கும்.

#18 தாமிரபரணி_கரை

பெட்டி வந்து ஆறு நாள் ஆகிறது. இறக்கியதும் நாலு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போட்டோம். மீட்டர்_பொட்டு சார் சொன்னபடி எடுத்த அளவு இதோ.

சுவரை ஒட்டி, திருகி 5-இல், நாலு பாட்டிலுடன்: 48 மணி நேரத்தில் 1.06 யூனிட், நாளுக்கு 0.53. அப்படியே போனால் 60 நாளுக்கு 31.8. அதாவது 502 ஆகியிருக்கும்.

பிறகு ரெண்டு பக்கமும் பின்பக்கமும் 10 செ.மீ. இடைவெளி விட்டு, திருகியை 3-க்குக் குறைத்து, பாட்டிலை ரெண்டாக்கிவிட்டு மறுபடி 48 மணி நேரம்: 0.88 யூனிட், நாளுக்கு 0.44. 60 நாளுக்கு 26.4. வெப்பமானி கீழ்த்தட்டில் குறைந்தது 3.5, கூடியது 6.8 காட்டுகிறது. இன்சுலினை இன்று உள்ளே வைத்தோம்.

ஆனால் 496 என்பது ரொம்ப விளிம்பு. சித்திரை, வைகாசியில் நிச்சயம் தாண்டும். வேறு எங்கே குறைக்கலாம்?

#19 அடுக்கு_கணக்கு

ஃப்ரிட்ஜில் இனி பிழிய ஒன்றும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். மின்விசிறியைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட். 47 வாட் வித்தியாசம், நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.56 யூனிட், 60 நாளுக்கு 34 யூனிட். உங்கள் ஃப்ரிட்ஜ் எடுப்பதைவிட அதிகம். அதிக நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் 496 என்பது 462 ஆகும். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் கட்டியதைவிடக் குறைவாகவே கட்டுவீர்கள்.

இன்னொன்று, ரீடிங் தேதி. அடுக்கு ரெண்டு மாசத்துக்கு என்று இருந்தாலும் ரீடிங் எடுக்கும் ஆள் மூன்று நாள் தாமதமாக வந்தால் உங்கள் வீட்டில் நாளுக்கு 8 யூனிட் வீதம் 24 யூனிட் கூடுதலாக ஏறியிருக்கும். சென்ற தேதியையும் ரீடிங்கையும் வெள்ளை அட்டையில் பார்த்து, அறுபதாவது நாள் காலையில் நீங்களே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். ஆள் பிந்தி வந்து 500-ஐத் தாண்டிய பில் கொடுத்தால், அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

#20 தாமிரபரணி_கரை

அப்பா அறை ஃபேன் நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிறது, 47 வாட்டுக்கு ரெண்டு மாசத்தில் 45 யூனிட். அதைத்தான் முதலில் மாற்றப் போகிறோம். அடுத்த ரீடிங் வந்ததும் எண்ணை இங்கேயே போடுகிறேன்.